கள்ளை எதிர்த்த நாராயண குரு

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்தவர் ஸ்ரீ நாராயண குரு. தமிழையும் நன்கு கற்றவர். தமிழில் பாடல்கள் இயற்றியதோடு, திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். குமரி மாவட்டத்து மருத்துவாமலையில் தவமிருந்தார். 1888-ல் அருவிப்புறத்தில் சிவப் பிரதிஷ்டை செய்து, கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்கு வழி திறந்தார். மட்டாஞ்சேரிக்குத் தெற்கேயுள்ள பள்ளுருத்தி பவானீஸ்வரர் கோயிலும் அவர் பிரதிஷ்டை செய்ததே.

அவர் பிறந்த ஈழவ சமுதாயத்தில் பலருக்குக் கள் இறக்குவதே பிழைப்பு. அப்படியிருந்தும், கள் இறக்குவதையும் விற்பதையும் குடிப்பதையும் விட்டுவிடுமாறு தம் மக்களையே வற்புறுத்தினார். அத்துடன் நில்லாமல், கல்வி, கைத்தொழில் என மாற்று வழியும் காட்டினார். 1903-ல் தோன்றிய எஸ்.என்.டி.பி. யோகம் அப்பணியை ஏற்றது. 1928 செப்டம்பர் 20-ல் குரு சிவகிரியில் சமாதியடைந்தார்.

குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்கிறது இன்றைய மருத்துவம். பல்லாண்டு தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே டாக்டரின் மேற்பார்வையில் விடுவதே நல்லது. கேரள அரசின் விமுக்தி திட்டத்தில் மாவட்டந்தோறும் மீட்பு மையம் உண்டு.

பிழைக்க வந்த இடத்தில், கூலி வாங்கிய மாலையில் கடை வாசல் நம்மை இழுக்கும். அப்போது ஊரில் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தை நினைப்போம். உடன் தங்கியிருக்கும் நண்பர் குடியை விட முடியாமல் தவித்தால், ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.