மூச்சுக்கு மருந்து கண்ட ராஜர் ஆல்துனியன்

உணவின்றிச் சில நாள் உயிர் தரிக்கலாம். நீரின்றியும் ஓரிரு நாள் தாங்கலாம். மூச்சின்றிச் சில நிமிஷங்களேனும் இருத்தல் அரிது. அம்மூச்சையே தடுத்து வருத்தும் ஆஸ்துமா என்னும் ஈளை நோய்க்கு ஒரு மருந்தையும், அதனை நுரையீரலுக்கு நேரே செலுத்தும் கருவியையும் உலகிற்கு உதவிய ராஜர் ஆல்துனியன் என்னும் மருத்துவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1922-ஆம் ஆண்டு சிரியா நாட்டில் பிறந்தார். இவர்தம் பாட்டனார் ஆர்மீனியர். அலெப்போ நகரில் மருத்துவ சாலை ஒன்றை நிறுவியவர். தந்தையாரும் அங்கேயே மருத்துவத் தொண்டு புரிந்தார். தாயார் ஆங்கில மாது. 1928-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஏரிநாட்டில் இக்குடும்பத்துச் சிறுவர் படகோட்டிக் களித்ததைக் கண்ட ஆர்தர் ரான்சம் என்னும் ஆசிரியர், 1930-இல் வெளியிட்ட தம் சிறுவர் நவீனத்தில் ராஜரையும் ஒரு பாத்திரமாக்கினார். ஆதலின் கதை படிக்கும் பிள்ளைகளுக்கு இவர் பெயர் இளமையிலேயே அறிமுகமாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, பிறர்க்கு விமானமோட்டக் கற்பித்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்று, அலெப்போவில் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1950-களின் பிற்பகுதியில் இங்கிலாந்து மீண்டு, செஷயரிலுள்ள ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் அமர்ந்தார்.

இவரும் ஈளை நோயாளரே. கிழக்கு மத்தியதரைக் கடற்புறத்தில் விளையும் ஒரு பூண்டின் விதையிற் கிடைக்கும் கெல்லின் என்னும் பொருளைச் சார்ந்து, அக்கூடத்தார் பற்பல புதுப் பொருள்களை ஆக்கினர். ஆயின் விலங்குகளிடத்துச் செய்யும் சோதனை மாந்தர்தம் ஈளையை உள்ளபடி காட்டுவதில்லை. ஆதலின் ஆல்துனியன் தம் உடலையே சோதனைக்களமாக்கினார். கினிப்பன்றியின் உரோமம் தமக்கு ஒவ்வாதென்பதை அறிந்து, அதன் சாரத்தை முகர்ந்து இழுப்பை வலிய வருவித்துக்கொண்டார்; புதுப்பொருளை முன்னரே உட்கொண்டு, இழுப்புத் தணிகின்றதா என மூச்சை அளந்து குறித்தார். இவ்வாறு பல ஆண்டுகள், பல நூறு முறை துன்புற்றார். பிறர் ஊக்கம் குன்றிய காலத்தும் இவர் தளர்ந்திலர்.

1965-ஆம் ஆண்டு குரோமோகிளைகேட் என்னும் பொருள் கிட்டிற்று. அது வந்த இழுப்பை நீக்குவதன்று, வருமுன் காப்பது. சுவாசக் குழாய்களிலுள்ள மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைச் சொரியாவண்ணம் அது தடுக்கின்றது. ஆனால் வாய்வழி உண்டால் அதில் மிகச் சிறு பங்கே உடலிற் சேரும். எனவே நோயுள்ள இடத்திற்கே அது செல்லவேண்டும். விமானத்தின் முன்சுழலும் விசிறியை அறிந்த ஆல்துனியன், அதனையொத்த சிறு விசிறியைக் குழாயினுள் அமைத்தார். துளையிட்ட மருந்துறையை அதிற் பொருத்தி, நோயாளி மூச்சை உள்ளிழுக்க, விசிறி சுழன்று நுண்பொடியைச் சிதறும். பொடி மூச்சோடு நுரையீரலை அடையும். 1967-இல் ஹவல் என்னும் மருத்துவருடன் கூடி, இம்மருந்தின் பயனை லான்செட் பத்திரிகை வாயிலாக வெளியிட்டார்.

அதன் பின்னர், மூச்சுவழி இழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் முதலிடம் பெற்றன. ஆயினும் தீங்கு குறைந்தமையால் குழந்தைகட்கு இவர் மருந்து பல்லாண்டு துணை நின்றது. ஆல்துனியன் 1987-இல் காலமானார்.

மருந்தைக் கண்டறிதல் மட்டும் போதாது. அது செல்லவேண்டிய இடத்திற்கு வழியும் காணல் வேண்டும் என்பதே இவர் வாழ்வு உணர்த்தும் உண்மை. இரத்தக் கொழுப்பைக் குறைக்க உண்ணும் ஸ்டாட்டின் மருந்துகளையும் மூச்சுவழி நுரையீரலுக்கு அனுப்பினால் ஈளைக்குப் பயன்படுமோ என அண்மை ஆண்டுகளில் அறிஞர் விலங்குகளிடத்து ஆராய்ந்துள்ளனர். அது மாந்தர்க்குரிய சிகிச்சையாக இன்னும் நிலைபெறவில்லை. எனினும் அவர்கள் தேடுவதும் ஆல்துனியன் தேடிய வழியே. பிறர் மூச்சு எளிதாக வேண்டித் தம் மூச்சை இடுக்கண்பட விட்ட இப்பெரியாரை, விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் உள்ளத்திற் கொள்வாராக.