உலகக் கோப்பையை வென்றும் ‘சர்’ ஆகாத கேப்டன்: பாபி மூருக்கு நடந்தது என்ன?

1966 ஜூலை 30. லண்டன் வெம்ப்ளி மைதானம். உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனியைக் கூடுதல் நேரத்தில் 4-2 என்று வீழ்த்திவிட்டு, கோப்பையை வாங்கப் படியேறுகிறார் இங்கிலாந்து கேப்டன். வயது 25. மேலே ராணி இரண்டாம் எலிசபெத் காத்திருக்கிறார், கையில் வெள்ளைக் கையுறை. இவர் கையிலோ இரண்டு மணி நேரம் விளையாடிய சேறு. அதைக் கவனித்தவர், அவசர அவசரமாகக் கையை உடையில் துடைக்கிறார். பக்கத்தில் விரித்திருந்த வெல்வெட் துணியிலும் ஒரு முறை துடைக்கிறார். அப்புறம்தான் ராணியிடம் கையை நீட்டுகிறார்.

அந்த கேப்டன்தான் பாபி மூர். ஆண்கள் உலகக் கோப்பையை இங்கிலாந்து வென்றது அந்த ஒரே ஒரு முறைதான். அதனால் அந்தக் கோப்பையைத் தூக்கிய ஒரே இங்கிலாந்து கேப்டனும் அவர்தான். ஆனால் 1993-ல் அவர் இறக்கும்போது பெயருக்கு முன்னால் ‘சர்’ இல்லை. அந்த அணியின் பயிற்சியாளருக்குக் கிடைத்தது. சக வீரர்கள் இரண்டு பேருக்குக் கிடைத்தது. கேப்டனுக்கு மட்டும் இல்லை.

கால்பந்து வீரர் ஒருவருக்கு அரசு கௌரவம் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கிளம்பும். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவருக்கு நாட்டின் விருது எதற்கு? மூரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டால், அது கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும்.

பார்க்கிங் பையன்

லண்டனுக்குக் கிழக்கே, எஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள பார்க்கிங்கில் 1941 ஏப்ரல் 12 அன்று பிறந்தார் மூர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. உள்ளூர் அணியான வெஸ்ட் ஹாம் யுனைடெட்டில் இளம் வீரராகச் சேர்ந்து, 17 வயதில், 1958 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக முதல் போட்டி ஆடினார். வெஸ்ட் ஹாம் 3-2 என்று ஜெயித்தது.

டிஃபென்டர்தான், ஆனால் வேகம் கிடையாது. தலையால் முட்டுவதிலும் பெரிய ஆள் இல்லை. அப்போ எப்படி? பந்து எங்கே வரப்போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஓடிப் பிடிக்க வேண்டிய இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். இன்றைக்கு பிரீமியர் லீக் பார்க்கிறவர்கள் பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்டி எழுப்பும் டிஃபென்டர்களை ரொம்பச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேலையை அறுபது வருஷத்துக்கு முன்பே செய்தவர் மூர்.

1962-ல் இங்கிலாந்து அணிக்கு வந்தார். அடுத்த வருஷமே, 22 வயதில், கேப்டன். அதுவரை இங்கிலாந்துக்கு அவ்வளவு சின்ன வயதில் யாரும் கேப்டன் ஆனதில்லை. 1964-ல் வெஸ்ட் ஹாமுக்கு எஃப்.ஏ. கோப்பை. 1965-ல் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்கள் கோப்பை, அதுவும் வெம்ப்ளியில்.

யாருக்கும் சொல்லாத நோய்

இந்த இரண்டு கோப்பைகளுக்கும் நடுவே, 1964 இறுதியில், மூருக்கு விதைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய் என்ற வார்த்தையையே வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. வெளி உலகுக்கு அவர் காயத்தால் ஓய்வில் இருக்கிறார் என்பதுதான் செய்தி. சில மாதங்களில் மைதானத்துக்குத் திரும்பினார், ஆறு மாதத்தில் அந்த ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார், ஒன்றரை வருஷத்தில் உலகக் கோப்பை. அவர் உயிரோடு இருந்தவரை இந்த விஷயம் ரசிகர்களுக்குத் தெரியாது.

இன்றைக்கு இது தெரிந்திருந்தால் ஆவணப்படமே எடுத்திருப்பார்கள். அவர் அதை வைத்து ஒரு அனுதாபம்கூடத் தேடவில்லை.

ஒரு மாத ஒப்பந்தம்

சரி, பணம். கால்பந்து வீரர்கள் கோடீஸ்வரர்கள் என்ற எண்ணத்தை 1960-களுக்குக் கொண்டுபோக முடியாது. 1961 வரை இங்கிலாந்தில் ஒரு வீரருக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கவே கூடாது என்று விதி இருந்தது. வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டிய பிறகுதான் அது போனது.

உலகக் கோப்பை தொடங்க இருந்த நேரத்தில் மூருக்கும் வெஸ்ட் ஹாமுக்கும் ஒப்பந்தச் சிக்கல். பழைய ஒப்பந்தம் ஜூன் கடைசியோடு முடிந்துவிட்டது, புதியதில் அவர் கையெழுத்துப் போடவில்லை. எந்த கிளப்பிலும் இல்லாதவர் விதிப்படி இங்கிலாந்துக்கு ஆட முடியாது. நாட்டின் கேப்டனே தகுதியிழக்கும் நிலை! பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே, வெஸ்ட் ஹாம் மேனேஜர் ரான் கிரீன்வுட்டை அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கே வரவழைத்தார். ஒரே ஒரு மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டு விஷயத்தை முடித்தார்கள். உலகக் கோப்பையை வென்ற நாளில் மூர் ஒரு மாத ஒப்பந்தத் தொழிலாளி என்று சொன்னால் அது மிகையில்லை.

இறுதிப் போட்டியில் ஜெர்மனி முதல் கோலைப் போட்டது. சில நிமிடங்களில் ஃப்ரீ கிக் கிடைக்க, எதிரணி சுதாரிப்பதற்குள் மூர் பந்தைத் தூக்கிப் போட்டார், ஜெஃப் ஹர்ஸ்ட் தலையால் முட்டி சமன் செய்தார். கடைசி நிமிடத்தில் இங்கிலாந்து 3-2 என்று முன்னிலையில் இருக்கும்போது பந்து மூரிடம், சொந்த பெனால்ட்டி பகுதிக்குள். வேறு யாராக இருந்தாலும் கேலரிக்கு அடித்திருப்பார்கள். அவர் தலைநிமிர்ந்து பார்த்து, நீளமான ஒரு பாஸை ஹர்ஸ்ட் ஓடும் பாதையில் வைத்தார். அதுதான் ஹர்ஸ்டின் மூன்றாவது கோல், அணியின் நான்காவது.

வெற்றிக்கு வீரர்களுக்கு ஒதுக்கப்பட்ட போனஸ் மொத்தம் 22,000 பவுண்டு. யார் எத்தனை போட்டி ஆடினார் என்று கணக்குப் பார்க்காமல் 22 பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைக்கு 1,000 பவுண்டு. ஒரு நிமிடம்கூட ஆடாதவருக்கும் அதே தொகை, கேப்டனுக்கும் அதே தொகை.

அரசு போட்ட கணக்கு வேறு

1967 புத்தாண்டு விருதுப் பட்டியல் வந்தது. ராம்சேவுக்கு ‘சர்’. மூருக்கு ஓ.பி.இ.

பிரிட்டனின் விருதுகளில் படிநிலை உண்டு. கீழிருந்து எம்.பி.இ., அதற்கு மேல் ஓ.பி.இ., அதற்கு மேல் சி.பி.இ. இவற்றைத் தாண்டித்தான் ‘சர்’ என்று அழைக்கப்படும் நைட் பட்டம். பெயர்களை அரசு பரிந்துரைக்கும், கௌரவம் அரச குடும்பத்தின் கையால் வரும். 1965-ல் பீட்டில்ஸ் இசைக்குழுவுக்கு எம்.பி.இ. கொடுத்தபோதே, பாட்டுக்காரப் பையன்களுக்கு எதற்கு என்று கோபப்பட்டுத் தங்கள் பதக்கங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். கால்பந்து வீரருக்கு ‘சர்’ கொடுக்கவே மாட்டார்கள் என்றும் இல்லை. அதே 1965 புத்தாண்டில் ஸ்டான்லி மேத்யூஸ் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ‘சர்’ ஆனார். ஆனால் அவருக்கு அப்போது 50 நெருங்கிவிட்டது. 25 வயதுக்காரரை அந்த வரிசையில் உட்கார வைக்க அரசு தயாராக இல்லை. இன்னும் காலம் இருக்கிறதே என்பதுதான் இந்த முறை இயங்கும் விதம்.

அந்த இறுதிப் போட்டியில் ஆடிய மற்றவர்களின் நிலைமை இன்னும் மோசம். ஆலன் பால், ஜார்ஜ் கோஹன், ரோஜர் ஹன்ட், நாபி ஸ்டைல்ஸ், ரே வில்சன் ஐந்து பேருக்கும் எம்.பி.இ. கிடைத்தது 2000-ல். 34 வருஷம் கழித்து!

போகோட்டா வளையல்

1970 உலகக் கோப்பைக்குப் போகும் வழியில், கொலம்பியாவின் போகோட்டாவில் அணி தங்கிய ஹோட்டலின் நகைக்கடையில் மூர் மரகத வளையல் ஒன்றைத் திருடிவிட்டார் என்று புகார் எழுந்தது. அணி ஈக்வடார் போய்விட்டு அதே வழியாகத் திரும்பியபோது அவரைக் கைது செய்தார்கள். நான்கு நாள் வீட்டுக் காவல். பிரதமர் ஹரால்டு வில்சனின் அரசே தலையிட வேண்டியிருந்தது. புகாருக்கு உருப்படியான ஆதாரம் எதுவும் வரவில்லை, கடைசியில் வழக்கு கைவிடப்பட்டது.

காவலிலிருந்து நேராக மெக்சிகோ போன மூர், பிரேசிலுக்கு எதிராக ஆடியது அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. முழு வேகத்தில் பாய்ந்து வந்த ஜைர்சின்யோவின் காலிலிருந்து, பெனால்ட்டி பகுதிக்குள், பந்தை மட்டும் பிரித்தெடுத்த அந்த டேக்கிளை இன்றும் பயிற்சியாளர்கள் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கிலாந்து 1-0 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பீலேவும் மூரும் சட்டையைக் கழற்றி மாற்றிக்கொண்டு சிரிக்கும் புகைப்படம்தான், தோல்வியை மீறி நிலைத்தது.

வேலை தேடிய கேப்டன்

1973-ல் இங்கிலாந்துக்கு 108-வது போட்டியோடு சர்வதேச வாழ்க்கை முடிந்தது. அப்போது அதுதான் நாட்டின் சாதனை. அதில் 90 போட்டிகளில் கேப்டன். பிறகு ஃபுல்ஹாம், கொஞ்ச காலம் அமெரிக்கா.

கதை திசை மாறுவது இங்கேதான். மூர் ஆரம்பித்த தொழில்கள் ஒன்றும் சரியாகப் போகவில்லை. கூட்டாகத் தொடங்கிய கன்ட்ரி கிளப் நஷ்டத்தில் மூழ்கியது. ஆக்ஸ்ஃபர்ட் சிட்டி, சவுத்எண்ட் யுனைடெட் என்று சின்ன அணிகளில் மேனேஜராக இருந்தார், அதிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டாலோனும் பீலேவும் நடித்த கால்பந்துப் படம் ஒன்றில் தலைகாட்டினார். ஒரு மலிவுப் பத்திரிகைக்கு விளையாட்டு ஆசிரியர். கடைசியில் லண்டன் வானொலி ஒன்றில் வர்ணனையாளர். இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. அவருக்குப் பெரிய பொறுப்பு எதையும் கொடுக்கவில்லை.

அதே அணியின் பாபி சார்ல்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி.இ., பிறகு சி.பி.இ., மான்செஸ்டர் யுனைடெட் இயக்குநர், உலகம் சுற்றும் தூதர், 1994-ல் ‘சர்’. தகுதியானவர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் ஏறிய ஏணி ஓய்வுக்குப் பிறகு கிடைத்த பதவிகளால் ஆனது. மூருக்கு அந்த ஏணியை யாரும் சாய்த்து வைக்கவில்லை. விளையாட்டுக்கான கௌரவம் என்ற பெயரில், விளையாட்டு முடிந்த பிறகு ஒருவர் எவ்வளவு பெரிய மனிதராக நடமாடுகிறார் என்பதைத்தான் அளந்தார்கள். தேசத்துக்காக அவர் செய்தது மைதானத்திலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் எதைக் காட்டச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கடைசி பத்து நாள்

1991-ல் மூருக்குப் பெருங்குடல் அறுவை சிகிச்சை நடந்தது. 1993 பிப்ரவரி 14 அன்று தனக்குப் புற்றுநோய் என்று வெளிப்படையாக அறிவித்தார். மூன்று நாள் கழித்து, 17-ம் தேதி, வெம்ப்ளியில் இங்கிலாந்து-சான் மரினோ போட்டி. மூர் வழக்கம்போல் வர்ணனைக்கு வந்து உட்கார்ந்தார். பிப்ரவரி 24 அன்று இறந்தார். வயது 51. 1966 அணியின் பதினொரு பேரில் முதலில் போனவர் கேப்டன்தான்.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவஞ்சலி நடந்தது. அதற்கு முன் அங்கே அப்படி ஒரு மரியாதை பெற்ற விளையாட்டு வீரர் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் கேப்டன் ஃபிராங்க் வொரெல் மட்டும்தான். கூட்டமும் கண்ணீரும் வந்தது. பட்டம் வரவில்லை, வரவும் முடியாது. காரணம், பிரிட்டனில் நைட் பட்டத்தை இறந்தவருக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை. உயிரோடு இருக்கும்வரைதான் அது செல்லும் என்பது விதி. நம் ஊரில் பத்ம விருதுகள் மறைவுக்குப் பிறகும் அறிவிக்கப்படுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். மூருக்காக விதியைத் தளர்த்தச் சொல்லி ரசிகர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அவர் இறந்த மறு வருஷம் சார்ல்டன் ‘சர்’. 1998-ல் ஹர்ஸ்ட் ‘சர்’. மூர் இன்னும் ஐந்து வருஷம் இருந்திருந்தால், அவருடைய பெயரைத் தவிர்த்துவிட்டு அந்தப் பட்டியலை எழுதியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். 2025-ல் டேவிட் பெக்கம் ‘சர்’ ஆனார். மூரின் 108 போட்டிகள் என்ற எண்ணிக்கையை 2009-ல் தாண்டியவர் அவர். பெக்கமுக்கும் யுனிசெஃப் பணி, ஒலிம்பிக் பிரசாரம் என்று மைதானத்துக்கு வெளியே நீண்ட பட்டியல் தேவைப்பட்டது, அப்படியும் 50 வயது வரை காத்திருந்தார்.

மூரின் இரண்டாவது மனைவி ஸ்டெஃபனி, குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவர் பெயரில் 1993-ல் ஒரு நிதியத்தைத் தொடங்கினார். வெஸ்ட் ஹாம் 2008-ல் 6-ம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. 2007-ல் புதிய வெம்ப்ளி திறந்தபோது வாசலில் மூருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். திரையை விலக்கியவர் பாபி சார்ல்டன். அழைப்பிதழ்படி, சர் பாபி சார்ல்டன்.