99 வெள்ளி முதல்

கோலாலம்பூரில் ஜாலான் லோக் இயூவைக் கடந்து செல்லாதோர் குறைவு. அந்தச் சாலையின் பெயருக்கு உரியவர் தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவனாகக் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்து, மார்க்கெட் தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கையில் சேர்ந்தது 99 வெள்ளி. முழுதாக நூறுகூட இல்லை! அதையே முதலாக வைத்துச் சொந்தக் கடையைத் திறந்தார்.

பின்னர், கடையை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, ஈயம் தோண்டப் பேராக்கின் லாருட் பகுதிக்குச் சென்றார். அங்கே தொடக்கத்திலேயே பெரும் நட்டம். ஆனாலும் அவர் ஊர் திரும்பவில்லை. பேராக் போரின்போது படையினருக்கு உணவுப் பொருள்களை வழங்கும் குத்தகையை எடுத்து, இழந்ததை ஈடுகட்டினார். மளிகைக் கடையில் பழகிய தொழில்தான் அப்போது கைகொடுத்தது எனலாம்.

பிறகு சிலாங்கூருக்கு வந்து, ஈயச் சுரங்கங்களால் பெருஞ்செல்வரானார். 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் தோன்ற உதவியவர்களுள் அவரும் தம்புசாமி பிள்ளையும் இருந்தனர். மறு ஆண்டு இவ்விருவரும் ராவாங்கில் இருந்த தங்கள் சுரங்கத்தில் மின்னாக்கியைப் பொருத்தி, மின்சாரப் பம்புகளை இயக்கினர். மலாயாவில் அதற்கு முன் எந்தச் சுரங்கத்திலும் அவ்வாறு நடந்ததில்லை. லோக் இயூ 1917இல் கோலாலம்பூரில் காலமானார்.