ஒரு ஸ்ட்ரட், நாலு வேலை: ஏர்ல் மெக்பெர்சன்

மெக்கானிக்கல் படிக்கிற யாரைக் கேட்டாலும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் படத்தைக் கண்ணை மூடிட்டு வரைஞ்சிடுவாங்க. ஆனா மெக்பெர்சன்னு ஒரு மனுஷன் இருந்தார், அவருக்கு ஒரு கதை இருக்குன்னு நம்ம புக்ல எங்கேயும் இருக்காது. ரெண்டு மார்க் கேள்வியாவே நின்னு போயிட்டார்.

இப்போ அவரைப் பத்தி எழுத ஒரு காரணம் இருக்கு. டஸ்டர் மாதிரி வண்டியை வாங்கி, முன்பக்கம் ஸ்பேசர் வச்சு ஒண்ணு ஒண்ணரை இன்ச் தூக்குற பழக்கம் நம்ம ஊர்லயும் நல்லா பரவிடுச்சு. தூக்கின கொஞ்ச நாள்லயே பள்ளத்துல விழுந்தா டொக்குனு சத்தம், டயர் ஒரு பக்கமா தேயுது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குதுன்னு புகார் வர ஆரம்பிக்கும். ஷாக் அப்சார்பரை மாத்துவாங்க, சத்தம் போகாது. ஏன்னு புரியணும்னா, அந்த ஸ்ட்ரட்டை வரைஞ்ச ஆள் என்ன கணக்கு போட்டார்னு பார்க்கணும்.

ஏர்ல் ஸ்டீல் மெக்பெர்சன் 1891-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துல ஹைலேண்ட் பார்க்கில் பிறந்தார். 1915-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்துல பட்டம் வாங்கினார். நேரா டெட்ராய்ட், சால்மர்ஸ் கார் கம்பெனியில வேலை. முதல் உலகப் போர் வந்தப்போ ராணுவத்துக்காக ஐரோப்பாவுல விமான இன்ஜின்களோட வேலை செஞ்சார். திரும்பி வந்து லிபர்ட்டி கம்பெனி, 1923-லிருந்து ஹப்மொபீல். சால்மர்ஸ், லிபர்ட்டி, ஹப்மொபீல் மூணுமே இன்னைக்கு இல்லை. டெட்ராய்ட்ல அந்தக் காலத்துல கார் கம்பெனி திறக்கிறதும் மூடுறதும் சாதாரண விஷயம். கம்பெனி மூழ்கினா இன்ஜினியர் அடுத்த இடம் தேடணும், அவ்வளவுதான்.

1934-ல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். அந்த வருஷம்தான் ஜிஎம் கார்களில் முன் சக்கரங்களுக்கு இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன் வந்தது. அதுவரைக்கும் ரெண்டு முன் சக்கரத்தையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைச்சிருக்கும். இடது சக்கரம் கல்லுல ஏறினா வலது சக்கரமும் சாயும். அடுத்த வருஷமே மெக்பெர்சன் செவர்லே பிரிவின் தலைமை டிசைன் இன்ஜினியர் ஆனார்.

அவர் வாழ்க்கையோட முக்கியமான வேலை 1945-ல் வந்தது. போர் முடியுற நேரம். மக்கள் சின்ன, விலை குறைஞ்ச கார்தான் கேப்பாங்கன்னு செவர்லே நினைச்சது. அந்தத் திட்டத்துக்கு மெக்பெர்சன் தலைமை இன்ஜினியர். காருக்கு கேடட்னு பேர். விலை 1000 டாலருக்குக் கீழ இருக்கணும். மெக்பெர்சன் நினைச்சிருந்தா பெரிய செவர்லேயை அப்படியே சின்னதா சுருக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யலை. சின்ன கார்ல போறவங்களும் குலுங்காம போகணும்னு நாலு சக்கரத்துக்கும் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன் கொடுக்க முடிவு பண்ணினார். அன்னைக்கு விலை உயர்ந்த அமெரிக்க கார்கள்லயே அது கிடையாது.

இங்கதான் சிக்கல். அப்போ இருந்த முறையில ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம், தனியா ஒரு ஸ்பிரிங், தனியா ஒரு ஷாக் அப்சார்பர், அது எல்லாத்தையும் தாங்க கனமான ஃபிரேம். எடையும் கூடும், செலவும் கூடும். மெக்பெர்சன் மேல் ஆர்மைத் தூக்கிட்டார். ஷாக் அப்சார்பரையே நீளமா, தடியா பண்ணி சக்கரத்தோட நக்கிளில் இறுக்கிப் பிணைச்சு, அதோட மேல் முனையை நேரா காரோட பாடியில மாட்டினார். காயில் ஸ்பிரிங்கை அதைச் சுத்தியே உட்கார வச்சார். கீழ ஒரு ஆர்ம் மட்டும் மிச்சம்.

இப்போ அந்த ஒரே ஸ்ட்ரட் நாலு வேலை பார்க்குது. ஸ்பிரிங்கைத் தாங்குது. ஆட்டத்தை அடக்குது. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்குது. ஸ்டியரிங் திருப்பினா தானும் சேர்ந்து சுழலுது. தூக்கி எறிஞ்ச பாகங்களோட வேலை எங்கேயும் போகலை. மிச்சம் இருந்த பாகத்தோட தலையில ஏறிடுச்சு. இதை மறந்துட்டுதான் நாம ஸ்பேசர் போடுறோம்.

இந்த யோசனை முழுக்க அவரோடது மட்டும் இல்லை. ஃபியட் கம்பெனியின் குய்தோ ஃபோர்னாகா 1920-களிலேயே இதுக்கு நெருக்கமான ஒண்ணுக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். விமானங்களோட லேண்டிங் கியர்லயும் ஸ்ட்ரட் உண்டு. ஆனா லட்சக்கணக்குல தயாரிக்கிற சின்ன காருக்கு ஏத்த மாதிரி இதை உருவாக்கினது மெக்பெர்சன்தான். 1947 மார்ச்ல ஜிஎம் பேர்ல காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது.

அதே வருஷம் கேடட் திட்டம் நின்னு போச்சு. போருக்கு அப்புறம் ஸ்டீல் தட்டுப்பாடு. பெரிய கார் எவ்வளவு செஞ்சாலும் வித்துப் போச்சு. லாபம் குறைவான சின்ன காருக்கு எதுக்கு ஸ்டீலை வீணாக்கணும்னு நிர்வாகம் நினைச்சது. மாதிரி வண்டிகள் ஓடிப் பார்த்த நிலையில திட்டம் மூடப்பட்டது. அந்த வருஷமே மெக்பெர்சன் ஜிஎம்மை விட்டு ஃபோர்டுக்குப் போனார். அவருக்கு அப்போ 56 வயசு.

அமெரிக்கா வேண்டாம்னு சொன்னதை ஐரோப்பா எடுத்துக்கிச்சு. 1950-ல் லண்டன் மோட்டார் ஷோவில் பிரிட்டிஷ் ஃபோர்டு, கான்சல், செஃபிர்னு ரெண்டு கார்களைக் காட்டினது. ரெண்டுக்கும் முன்பக்கம் அவரோட ஸ்ட்ரட். ஃபோர்டுக்காக அதை அவர் இன்னும் எளிமையாக்கினார்: கீழ ஆர்ம் முன்னும் பின்னும் நகராம பிடிக்கத் தனிப் பாகம் வைக்காம, ஆன்டி ரோல் பாரையே அந்த வேலைக்கும் பயன்படுத்தினார். இதுக்கு 1949-ல் தனியா ஒரு விண்ணப்பம். வேடிக்கை என்னன்னா, ஜிஎம் பேர்ல போட்ட பழைய காப்புரிமை 1953 ஜனவரியில கிடைச்சப்போ அவர் போட்டிக் கம்பெனியான ஃபோர்டில் இன்ஜினியரிங் துணைத் தலைவர்.

1952-ல் அந்தப் பதவிக்கு வந்தவர் 1958-ல் ஓய்வு பெற்றார். 1960-ல் இறந்தார். அவர் இருந்த வரைக்கும் அமெரிக்காவுல ஃபோர்டு செஞ்ச பெரிய கார்கள்ல ரெண்டு ஆர்ம் சஸ்பென்ஷன்தான் இருந்தது. தன் பேர் உலகத்துல பாதி கார்களுக்கு அடியில இருக்கப் போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை.

அதுக்கு அப்புறம் இன்ஜினைக் குறுக்கா வச்சு முன் சக்கரத்தை ஓட்டுற சின்ன கார்கள் வந்தன. மேல் ஆர்ம் இல்லாததால ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல கிடைச்ச இடம் அப்போதான் பெருசா உதவிச்சு. 1983-ல் நம்ம நாட்டுக்கு வந்த மாருதி 800-லயும் முன்பக்கம் இதே ஸ்ட்ரட்தான். குறைஞ்ச விலையில ஒரு குடும்பக் கார்ங்கிற கேடட் கனவு அவர் ஊர்ல நடக்கலை, நம்ம ஊர்ல நடந்துச்சு.

இப்போ ஸ்பேசர் விஷயத்துக்கு வருவோம். லெவலிங் கிட் அமெரிக்க பிக்கப் வண்டிகளுக்காக வந்தது. பின்னாடி சுமை ஏத்தினா அமுங்கும்னு பிக்கப்போட பின்பக்கம் கொஞ்சம் உயரமாவே இருக்கும். முன்பக்கத்தை அதுக்குச் சமமா தூக்குறதுதான் லெவலிங். ஸ்பேசர்ல ரெண்டு வகை இருக்கு. பிரச்சினை வந்தா எந்த வகைன்னு முதல்ல பாருங்க.

ஒண்ணு, ஸ்ட்ரட்டோட தலைக்கும் பாடிக்கும் நடுவுல வைக்கிறது. இதுல ஸ்பிரிங்குக்கு எதுவும் ஆகலை, ஸ்ட்ரட்டே மொத்தமா கீழ இறங்குது. அதனால சக்கரம் தொங்கும்போது மெக்பெர்சன் கணக்குல இருந்த எல்லையைத் தாண்டித் தொங்கும். பால் ஜாயின்ட், டை ராட், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் போகக் கூடாத கோணத்துக்குப் போகும், பிரேக் ஹோஸ் இழுபடும். ஆக்சிலரேட்டர் மிதிச்சா மட்டும் அதிர்வு வருதுன்னா ஷாக்கைப் பார்க்காதீங்க, டிரைவ் ஷாஃப்ட்டோட உள் ஜாயின்ட்டைப் பாருங்க.

இன்னொண்ணு, ஸ்பிரிங்குக்கும் அதோட சீட்டுக்கும் நடுவுல வைக்கிறது. இதுல ஸ்ட்ரட் நிக்கும்போதே பாதி நீண்டு நிக்குது. சக்கரம் கீழ இறங்க இடம் குறைஞ்சிடும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இறங்கும்போது டொக்குனு வர்ற சத்தம், ஸ்ட்ரட் தன் முழு நீளத்துக்கு வந்து முட்டுற சத்தம். ஷாக் புதுசா போட்டாலும் அது முட்டத்தான் செய்யும்.

ரெண்டு வகையிலும் வண்டி உயர்ந்ததும் கீழ் ஆர்ம் சரிஞ்சு, சக்கரத்தோட அடிப்பக்கத்தை உள்ளே இழுக்கும். சக்கரத்தோட தலை வெளியே சாயும், டோவும் மாறும். டயர் ஒரு ஓரமா தேயுறதுக்கு இதுதான் காரணம். ஸ்பேசர் போட்ட அன்னைக்கே வீல் அலைன்மென்ட் பண்ணாம ஓட்டக் கூடாது. ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் டொய்ங்னு துள்ளினா, ஸ்ட்ரட் தலையில இருக்கிற பேரிங் சரியா உட்காரலையான்னு பாருங்க. அந்த ஸ்ட்ரட் சுழலவும் வேணும்ங்கிறதை யாரோ மறந்திருப்பாங்க. லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்கியில தொங்கும்போது இறுக்கிடாதீங்க. ரப்பர் புஷ் அந்த நிலையிலயே பிடிச்சுக்கும். வண்டியை இறக்கினதும் முறுக்கி நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடும். சக்கரம் தரையில நின்னு எடை ஏறினதுக்கு அப்புறம் கடைசி இறுக்கு இறுக்கணும்.

தார் மாதிரி ரெண்டு ஆர்ம் இருக்கிற வண்டியில இன்னொரு விஷயம். ஸ்ட்ரட் கீழ் ஆர்மோட நடுவுல நிக்கிறதால மேல ஒரு இன்ச் ஸ்பேசர் வச்சா வண்டி ஏறக்குறைய ரெண்டு இன்ச் ஏறிடும். மெக்பெர்சன் ஸ்ட்ரட் சக்கரத்தோடவே பிணைஞ்சிருக்கிறதால வச்ச அளவுதான் ஏறும். ஒரு வண்டிக்குப் போட்ட கணக்கு இன்னொரு வண்டிக்கு ஆகாது.

வண்டியைத் தூக்கவே கூடாதுன்னு சொல்ல வரலை. மலைப் பாதைக்கும் மண் ரோட்டுக்கும் தூக்கித்தான் ஆகணும்னா, அந்த உயரத்துக்குன்னே செஞ்ச நீளமான ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட் போடுறது நல்லது. ஸ்பேசர்தான் போடுறதா இருந்தா அளவைக் குறைச்சுப் போடுங்க. மெக்பெர்சன் ஆயிரம் டாலர் காருக்காக ஒவ்வொரு பாகமா எண்ணி எண்ணிக் குறைச்சவர். அவர் விட்டு வச்ச எதுவும் சும்மா இருக்கலை. அதுல ஒண்ணோட நீளத்தை மாத்துறதுக்கு முன்னாடி, அது பார்க்கிற நாலு வேலையையும் ஒரு தாள்ல எழுதிப் பார்த்துட்டு ஸ்பேனரை எடுங்க.