ஐடா அம்மையாரும் செவிலியர் பணியும்

நம் சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். பெற்றவள் அல்லள், ஆயினும் மகளின் முகம் சிறிது வாடினாலும் அதைக் கண்டு கலங்குபவள். மருத்துவமனையில் நோயாளியின் அருகே நிற்பவர்க்கு அந்தப் பெயரை வைத்தவர், பொருள் அறிந்தே வைத்திருக்கிறார்.

இதை நான் ஏட்டில் கற்கவில்லை. சென்ற ஆண்டு, பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் என் தந்தையாருக்கு வயிற்றில் அறுவை நடந்தது. மூன்றாம் நாள் இரவு நான் அருகில் இருந்தேன். காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தம் சரியாக இருந்தது, வலி அதிகம் இல்லை என்றே அவரும் சொன்னார். இரவுப் பணியில் இருந்த செவிலியோ, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் அவருடைய மூச்சை எண்ணினார். மாலையில் 18 ஆக இருந்தது 28 ஆகியிருந்தது. விடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உறங்கிக்கொண்டிருந்த மருத்துவரை எழுப்பி அழைத்து வந்தார். உள்ளே குடலில் போட்ட தையல் விட்டுக் கசிவு தொடங்கியிருந்தது. அன்றிரவே மீண்டும் அறுவை செய்தார்கள். தந்தையார் இன்று நலமாக இருக்கிறார்.

நான் இயற்பியல் மாணவன். அளவைகளோடு பழகியவன். எண்ணுவது எளிது, எண்ணியதை நம்பி முடிவெடுப்பதே அரிது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அந்தச் செவிலி வேலூரில் பயின்றவர் என்று பின்னர் அறிந்தேன். அதன் பிறகே வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அம்மையார் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர், தந்தையாரும் மருத்துவர். எனினும் இந்தியாவில் தங்கிப் பணிபுரிய இளம் ஐடா விரும்பவில்லை. நோயுற்ற தாயைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தபோது, ஓர் இரவில் மூன்று வீட்டார் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் வீட்டிலும் இளம் மனைவியர் பேறுகால வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று ஐடாவை அழைத்தனர். அவரோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவே அவர் வாழ்வைத் திருப்பியது.

நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பினார். வேலூரில் ஒரே அறையில், ஒரே படுக்கையோடு பணி தொடங்கிற்று. முதல் பெரிய அறுவையின்போது பயிற்சி பெற்ற துணை எவரும் இல்லை. வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியே உடன் நின்றார். 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

இனி, தோழர்களே, ஆண்டுகளின் வரிசையைப் பாருங்கள். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அம்மையார் தொடங்கியது 1918இல். செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியதோ 1909இல்! மருத்துவரை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே செவிலியரை உருவாக்க முனைந்தார்.

இந்த வரிசையில் ஓர் உண்மை இருக்கிறது. அறுவை ஒரு மணியிலோ இரண்டு மணியிலோ முடிந்துவிடும். அதன் பின் வரும் பகலும் இரவும் யாருடையவை? பெனிசிலின் இல்லாத அக்காலத்தில், புண் சீழ் பிடித்தால் உயிருக்கே கேடு. நாடியை எண்ணி, உடற்சூட்டைக் குறித்து, கட்டில் ஊறிய குருதியைப் பார்த்து, சிறுநீரின் அளவு குறைந்ததா என்று கவனித்து, எது பொறுக்கக்கூடியது, எது பொறுக்கக்கூடாதது என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டும். மருத்துவர் ஒருவரே ஊருக்கெல்லாம் ஓடும்போது அந்த முடிவு செவிலியின் கையில்தான் இருந்தது. அந்நாளில் பிறர் குருதியையும் மலத்தையும் தொடும் வேலை இழிவென்று கருதப்பட்டது. பெண்களை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். அந்தத் தயக்கத்தை எதிர்த்தே அப்பள்ளி வளர்ந்தது. 1946இல் அது கல்லூரியாகிச் செவிலியர் பட்டப் படிப்பைத் தொடங்கியது. நாட்டில் அப்படிப்பை முதலில் தொடங்கிய கல்லூரிகளுள் அதுவும் ஒன்று.

அம்மையார் 1960 மே மாதம், தம் 89ஆம் வயதில், கொடைக்கானலில் மறைந்தார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மில் பலர் காட்பாடியைக் கடக்கிறோம். நோயாளியைத் தாங்கியபடி அங்கே இறங்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பெரிய மருத்துவரின் பெயரைச் சொல்லி வருவார்கள், அதில் தவறில்லை. ஆனால் நள்ளிரவில் அவர்களுடைய மூச்சை எண்ணப்போகிறவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. என் தந்தையாரைக் காத்தவரின் பெயரை, மருத்துவமனையை விட்டு வரும் நாளில்தான் நானும் கேட்டேன். அது எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் முதல் நாளே கேளுங்கள்.