வீட்டுப் பரண்களில் இருந்த வரலாற்றைத் திரட்டிய ராஜ்வாடே

புனே: ஆங்கிலேயர் காலத்திலோ அதற்கு முன்போ வாழ்ந்த தம் முன்னோரைப் பற்றி அறிய விரும்பும் மராட்டியக் குடும்பத்தினர் பலர், புனே சதாசிவ் பேட்டையில் உள்ள பாரத் இதிஹாஸ் சன்ஷோதக் மண்டலை நாடுகின்றனர். 1910-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி இந்த ஆய்வு மன்றத்தைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர், 'இதிஹாசாசாரியர்' என்று அழைக்கப்படும் விஸ்வநாத் காசிநாத் ராஜ்வாடே.

1863-இல் பிறந்த அவர், இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். புனே டெக்கான் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். மனைவி இளமையிலேயே மறைந்த பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1890-களின் நடுவில் 'பாஷாந்தர்' என்னும் மாத இதழை நடத்தினார். மொழிபெயர்ப்பு என்பதே அச்சொல்லின் பொருள். பிறமொழி அறிவு மராத்தியில் கிடைக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் கடைசி வரை தளரவில்லை. ஆங்கிலம் கற்றவராயினும் தம் ஆய்வுகளை மராத்தியிலேயே எழுதினார்.

வாய் என்னும் ஊரில் ஒரு குடும்பத்தினரிடம் இருந்த பழைய கடிதங்கள் அவருக்குக் கிடைத்தன. 1761-ஆம் ஆண்டின் பானிபட் போருக்கு முந்தைய பத்தாண்டு நிகழ்வுகளைக் கூறும் அக்கடிதங்களை 1898-இல் நூலாக்கினார். 'மராட்டியர் வரலாற்றுச் சான்றுகள்' என்னும் பொருள்படும் அந்த வரிசை, பின்னர் 22 தொகுதிகளாக விரிந்தது.

அவர் வீடு வீடாக அலைந்ததற்குக் காரணம் உண்டு. 1818-இல் பேஷ்வா ஆட்சி முடிந்ததும் அரசு ஆவணங்கள் ஆங்கிலேயர் வசமாயின. புனேயில் இருந்த அந்த ஆவணக் காப்பகம் ஆய்வாளர்களுக்கு எளிதில் திறக்கப்படவில்லை. எஞ்சியவை குடும்பங்களிடம் இருந்தன. ஆனால், 1852-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கிய இனாம் ஆணையம் மானிய நிலங்களுக்குச் சான்று கேட்டிருந்தது. உரிய சான்று காட்ட இயலாதவர்கள் வரியில்லா நில உரிமையை இழந்தனர். அந்நிலையில், பழைய ஏட்டைக் கேட்டு வரும் அந்நியரை மக்கள் ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. தயங்கித் தயங்கி மூட்டையை அவிழ்த்தபோது, பல தாள்கள் கரையானுக்கு இரையாகியிருந்தன. ராஜ்வாடே மிகக் குறைந்த உடைமைகளுடன், தாமே சமைத்து உண்டு, ஊர் ஊராகச் சென்றார்.

அவரது பணி தமிழகத்தையும் தொடுகிறது. சிவாஜியின் தந்தை சாஹாஜியின் அவையைப் பாடும் 'ராதாமாதவவிலாச சம்பு' என்னும் நூலை 1922-இல் பதிப்பித்தார். சாஹாஜியின் மற்றொரு மகனான வெங்கோஜியே தஞ்சை மராட்டிய ஆட்சியை நிறுவியவர். அவ்வழியில் வந்த இரண்டாம் சரபோஜி, தம் குல வரலாற்றை 1803-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மராத்தி மொழியில் கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தார். அரசர்களுக்குக் கல் கிடைத்தது. ஊர்க்கணக்கருக்கும் சிறு இனாம்தாரருக்கும் இருந்தது காகிதச் சுருள் மட்டுமே. ராஜ்வாடே தேடிச் சென்றது அதைத்தான்.

ஆவணங்களைத் திரட்டுவதில் இருந்த நிதானம், அவற்றுக்குப் பொருள் கூறுவதில் அவருக்கு எப்போதும் இருந்ததாகக் கூற இயலாது. சாதிகள் குறித்த அவரது கருத்துகள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. காயஸ்த பிரபு சமூகத்தினரைப் பற்றி அவர் எழுதியதற்கு, பால் தாக்கரேயின் தந்தை பிரபோதன்கார் தாக்கரே தனி நூலாகவே மறுப்பு எழுதினார். மறுபுறம், பண்டைய இந்தியத் திருமண முறைகளைப் பற்றிய ராஜ்வாடேயின் கட்டுரைகள் வைதிகர்களையும் சினமூட்டின.

தாம் உருவாக்கிய மன்றத்தினருடனேயே கருத்து வேறுபாடு கொண்டு விலகிய ராஜ்வாடே, இறுதிக் காலத்தைத் துலேயில் கழித்தார். 1926-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி அங்கேயே காலமானார். சில நாள்களில், 1927 ஜனவரியில், அவர் பெயரில் துலேயில் ஓர் ஆய்வு மன்றம் தொடங்கப்பட்டது.

அவர் காலத்தில் எட்டாதிருந்த பேஷ்வா ஆவணங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை, 1930-களின் தொடக்கத்தில் ஜி.எஸ். சர்தேசாய் 45 தொகுதிகளாகப் பதிப்பித்தார். எனினும், மூல ஆவணங்களில் பெரும்பகுதி மோடி எழுத்தில் உள்ளது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தின் மராட்டிய ஆவணங்களும் அதே எழுத்தில் அமைந்தவையே. முன்னோரைத் தேடி வருபவர், முதலில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டியுள்ளது.