நூலுக்கு முகவரி தந்தவர்

நுழையும்முன்

நூலகத்தில் நூல்கள் நிறைந்திருந்தாலும், வேண்டிய நூல் வேண்டிய நேரத்தில் கைக்குக் கிட்டாவிடில் பயனில்லை. நூலையும் படிப்பவரையும் இணைக்கும் பாலமாக விளங்குவது நூற்பட்டியல். அப்பாலத்தை இந்தியச் சூழலுக்கேற்ப அமைத்தவர், இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன்.

வகுப்பறையிலிருந்து நூலகத்திற்கு

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார்.

மாணவர் சூழ வாழ்ந்த ஆசிரியருக்குப் படிப்போர் மிகுதியாக வாராத நூலகத்தின் தனிமை தாங்க இயலாததாயிற்று. சில நாள்களிலேயே மாநிலக் கல்லூரி முதல்வரை அணுகி, தம்மை மீண்டும் கற்பித்தல் பணிக்கே அழைத்துக்கொள்ளுமாறு வேண்டினார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று திரும்பியபின் முடிவு செய்யலாம் என முதல்வர் அறிவுறுத்தினார். அப்பயணமே அரங்கநாதனின் வாழ்வைத் திசைதிருப்பியது.

பொம்மைக் கடையில் பிறந்த எண்ணம்

இங்கிலாந்தில் அவர் பல நூலகங்களைக் கண்டார். எளிய மக்களும் அவற்றால் பயன்பெறுவதைக் கண்டு வியந்தார். எனினும், நூல்களை வகைப்படுத்த அங்குக் கையாளப்பட்ட முறைகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. புதிய துறைகள் தோன்றும்போது அவற்றிற்கு இடமளிக்க அம்முறைகள் தடுமாறின. ஒருநாள் இலண்டன் கடையொன்றில், சிறு துண்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பல உருவங்களை ஆக்கும் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். ஒரு நூலின் பொருளையும் கூறுகளாகப் பிரித்து, குறியீடுகளால் இணைக்கலாமே என்னும் எண்ணம் பிறந்தது. அவ்வெண்ணத்தின் விளைவாகிய கோலன் பகுப்பு முறை 1933இல் நூலாக வெளிவந்தது.

பெயரும் பட்டியலும்

நூலை வகைப்படுத்தினால் மட்டும் போதாது. அதனைத் தேடுவோர் எப்பெயரைக் கொண்டு தேடுவர் என்பதையும் அறிதல் வேண்டும். பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் மேனாட்டு வழக்கம் நம் பெயர்களுக்குப் பொருந்துவதில்லை. அரங்கநாதனின் பெயரிலேயே முதலெழுத்து ஊரையும், அடுத்தது தந்தையையும் குறிக்க, இறுதியில் நிற்பது இயற்பெயராகும். பழைய நூல்களில் இச்சிக்கல் மேலும் பெருகும். பரிதிமாற்கலைஞர் என்னும் பெயரில் தேடுபவருக்குச் சூரியநாராயண சாஸ்திரியார் என்னும் பெயரிலுள்ள நூல்களும் கிட்ட வேண்டுமல்லவா?

அரசு வெளியீடுகளின் நிலையோ வேறு. அவற்றிற்குத் தனி ஆசிரியர் இல்லை. துறைகளின் பெயர்களும் காலந்தோறும் மாறும். கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையத்தின் அறிக்கையை, அதன் தலைவர் பெயரால் சாட்லர் அறிக்கை என்றே பலரும் கேட்பர். இத்தகைய சிக்கல்களைத் தீர்க்க, 1934இல் அரங்கநாதன் நூற்பட்டியல் விதிகளை வகுத்து வெளியிட்டார். தனிமனிதரைப் போலவே அரசு, நிறுவனம், மாநாடு ஆகியவற்றையும் நூலாசிரியராகக் கருதி விதிகள் அமைத்தார். பொருள்வழிப் பகுதி, அகரவரிசைப் பகுதி என இரு பகுதிகளைக் கொண்டது அவர்தம் பட்டியல். பொருளை மட்டும் அறிந்தவரும் பெயரை மட்டும் அறிந்தவரும் அதனால் பயன்பெற்றனர்.

தளராத தொண்டு

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருபதாண்டுகள் பணியாற்றியபின், காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்திப் பட்டியலிட்டார். அவருடைய இடையறாத முயற்சி, 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் உருவாகத் துணைநின்றது. தாம் சேமித்த ஒரு இலட்சம் ரூபாயை, துணைவியார் சாரதாவின் பெயரும் தம் பெயரும் இணைந்த நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமையச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். 1957இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

1972இல் பெங்களூரில் அவர் மறைந்தார். தனிமைக்கு அஞ்சி நூலகத்தை விட்டு நீங்க எண்ணியவர், நூலகங்களில் தனித்துக் கிடந்த நூல்களுக்குப் படிப்போரைத் தேடித் தந்தார். பெயரறியாப் பழைய நூலொன்றை இன்று ஒரு மாணவர் சில நொடிகளில் கண்டெடுப்பதற்குப் பின்னால், அவரைப் போன்றோரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது.